'கடவுச்சொல் குறியாக்கம் செய்யப்படும்': இந்த வரியை மாத்தணுமா?

மஞ்சக்குப்பத்தான்:
கடலூர் முதுநகர் மீன் வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருளோட தமிழ்க் கையேட்டு வரைவுல மூணு வரி இருக்கு. "தமிழுக்கு யூனிகோடு குறியாக்கம்." "பேக்கப் கோப்பு குறியாக்கம் செய்யப்படும்." "கடவுச்சொல் குறியாக்கம் செய்து சேமிக்கப்படும்." சொல் ஒண்ணு, வேலை மூணு. முதல்ல ரகசியமே கிடையாது. ரெண்டாவதைச் சாவி இருந்தா திறக்கலாம். மூணாவதைத் திறக்கச் சாவியே இல்லை. வேற வடிவத்துல எழுதுறது குறிமுறை, சாவி போட்டுப் பூட்டுறது மறையாக்கம், திருப்ப முடியாதபடி மாத்துறது ஹேஷ்னு பிரிச்சிடலாம்.

தேங்காய்த்திட்டு:
அண்ணே, கல்லாவுல உக்காந்திருக்கிறவருக்கு மறையாக்கம்னா என்ன தெரியும்? என்கோடிங், என்கிரிப்ஷன், ஹேஷிங்னே போடுங்க. சர்வீஸ் பண்ண வர்ற பையனுக்காவது புரியும், கூகுள்ல தேடினாலும் கிடைக்கும்.

மஞ்சக்குப்பத்தான்:
முதல் ரெண்டையும் தமிழ்ல அடிச்சுப் பாருங்க தம்பி, வேகமா படிக்கிறவருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். பேஸ்64ல (எந்தத் தரவையும் ஆங்கில எழுத்து, எண், குறிகளா எழுதுற குறிமுறை) இருக்கிற கோப்பைப் பூட்டினதா நம்பி பென் டிரைவ்ல குடுத்து அனுப்புவாங்க. "கடலூர்" யூனிகோடுல 6 குறியீடு (க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி), யூடிஎஃப்-8ங்கிற சேமிப்பு முறையில ஒண்ணுக்கு 3 வீதம் 18 பைட். பேஸ்64 ஆக்கினா 24 எழுத்து. பார்க்கக் கிறுக்கல் மாதிரி இருக்கும், யார் வேணாலும் ஒரு நொடியில திருப்பிடலாம்.

வில்லியனூர்:
ரெண்டு பேரும் பேரோட நிக்கிறீங்க. "கடவுச்சொல் மறந்துபோச்சு, எடுத்துக் குடுங்க"ன்னு போன் வரும். எடுக்க முடியாது, புதுசுதான் வைக்கலாம்னு கையேட்டுல எழுதணும். எடுத்துக் குடுக்க முடிஞ்சா அங்க இருக்கிறது ஹேஷ் இல்லை.

இன்னொண்ணு, கடவுச்சொல்லை ஹேஷ் பண்ற பிகிரிப்ட் முறை. பல நிரல் தொகுப்புகள் 72 பைட்டுக்கு மேல இருக்கிறதைச் சத்தமில்லாம விட்டுடும். ஆங்கிலத்துல 72 எழுத்து, தமிழ்ல வெறும் 24 குறியீடு. "பா"ன்னாலே 2 போயிடும். நீளமா ஒரு தமிழ் வரியைக் கடவுச்சொல்லா வெச்சா, கடைசிச் சொல்லை மாத்தி அடிச்சாலும் திறந்துக்கும்.

அதைவிட மோசம் "கொ". ஒகரக் குறியை ஒரே குறியீடா அனுப்பினா மொத்தம் 6 பைட், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியா வந்தா 9. கண்ணுக்கு ஒரே எழுத்து, ஹேஷ் வேற. பழைய விசைப்பலகையில வெச்ச கடவுச்சொல் புது போன்ல "தவறு"ன்னு வரும். ஹேஷ் போடறதுக்கு முன்னாடி, இப்படிப் பிரிஞ்சு வர்றதை ஒண்ணாக்குற யூனிகோடு என்எஃப்சி வடிவத்துக்கு மாத்தணும்.

தேங்காய்த்திட்டு:
ஹேஷ் பத்திச் சொன்னது சரி, ஒத்துக்கிறேன். ஆனா ஹேஷ் போடும்போது கடவுச்சொல்லோட சேர்க்கிற தற்செயல் தரவான சால்ட்டை உப்புன்னு மட்டும் மொழிபெயர்க்காதீங்க, முதுநகர்ல கருவாட்டுக்குன்னு நினைப்பாங்க!

தமிழ்ச் சொல்லுன்னா தெளிவு வந்துடுமா? "அங்கீகாரம்" 11 இடத்துல இருக்கு. உள்ளே வர்றது யாருன்னு பார்க்கிறதுக்கும் அதேதான், பில்லை அழிக்க உரிமை இருக்கான்னு பார்க்கிறதுக்கும் அதேதான்.

மஞ்சக்குப்பத்தான்:
அது ஆங்கிலத்துலயே குழம்பினது. சர்வர் அனுப்புற பிழை எண் 401க்குப் பேரு 'அன்ஆதரைஸ்டு', அர்த்தம் என்னமோ நீ யாருன்னு தெரியலைங்கிறது. உரிமை இல்லைன்னா 403. முதலாவதுக்கு 'அடையாளச் சரிபார்ப்பு', ரெண்டாவதுக்கு 'அனுமதி'ன்னு மாத்துறேன்.

வில்லியனூர்:
மாத்தும்போது பிழைச்செய்தியையும் பாருங்க. 401 வந்தா "மறுபடி உள்நுழையவும்", 403 வந்தா "முதலாளி கணக்குல கேட்கவும்". 403க்கும் மறுபடி உள்நுழையச் சொன்னா நாள் பூரா அதையே பண்ணிட்டிருப்பாங்க.

தேங்காய்த்திட்டு:
அனுமதி சரி. மறையாக்கத்துக்கு மட்டும் என் ஓட்டு இல்லை. நாலாம் பக்கத்துல "எஸ்எஸ்எல் 3.0 பாதுகாப்பானது"ன்னு இருக்கே, அதை யார் எழுதினது? 2015லயே அந்தப் பழைய இணையப் பாதுகாப்பு நெறிமுறையைப் பயன்படுத்தக் கூடாதுன்னு ஒதுக்கிட்டாங்க.