ஒரு வயதுக்கு மேல் தட்டில் மிச்சம் ஏன் விழுகிறது?

"ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான், இப்ப வாயே திறக்க மாட்டேங்கிறான்." இந்தப் புலம்பலுக்குப் பதில் சொல்லும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம்.

3 கிலோவில் பிறந்த குழந்தை ஐந்தாறு மாதத்தில் 6 கிலோ ஆகும். முதல் பிறந்தநாள் வாக்கில் 9 கிலோவைத் தொடும். அடுத்த 12 மாதத்தில் கூடுவது 2 முதல் 2.5 கிலோதான். உயரமும் முதல் வருடம் 25 செ.மீ. எகிறிவிட்டு, இரண்டாம் வருடம் சுமார் 12, மூன்றாம் வருடம் 8–9 என்று அடங்கிவிடும். வளர்கிற வேகம் குறைந்தால் பசியும் குறையத்தான் செய்யும். ஊட்டுகிற கைக்கு மட்டும் அது தெரியாது. பழைய கணக்கிலேயே அள்ளிப் போடும். மிஞ்சியதைப் பார்த்ததும் பயம், பயத்தில் திணிப்பு. அப்புறம் கிண்ணத்தைக் கண்டாலே குழந்தை ஓட்டம் பிடிக்கும்.

முதல் தடவை பரிமாறும்போது ஒவ்வொரு பண்டத்திலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும்: ஒரு வயதுக்கு ஒன்று, இரண்டு வயதுக்கு இரண்டு. கேட்டால் மறுபடி போடலாம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சின்னத் தீனி, ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டரை மணி நேரமாவது இடைவெளி. அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். 20–25 நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். புதுப் பண்டத்தை ஒருமுறை துப்பினால் அது பிடிக்காது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பத்துத் தடவைக்கு மேல் கண்ணில் பட்ட பிறகுதான் பல குழந்தைகள் வாயில் வைக்கும்.

எல்லா வீட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி: பால் எவ்வளவு போகிறது? ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் வேறு எதற்கும் வயிற்றில் இடம் இருக்காது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவிலிருந்து வரும் இரும்பை உடல் ஏற்பதையும் அது தடுக்கும். "சாப்பிடவே மாட்டேங்கிறா, பாலாவது குடிக்கட்டும்" என்று கூட்டிக்கொண்டே போனால் ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். பால்புட்டியை விட்டுக் கோப்பைக்கு மாறினாலே அளவு தானாக இறங்கும்.

*

எடை பற்றி ஒரு சேர்க்கை. இரண்டாம் வருடத்தில் மாதத்துக்குக் கூடுவது சராசரியாக 200 கிராம். ஒரு டம்ளர் தண்ணீரின் எடையும் அதுதான். குடித்துவிட்டு ஏறி நின்றால் ஒரு மாத வளர்ச்சி, ஒன்றுக்குப் போய்விட்டு ஏறினால் ஒரு மாதத் தேய்வு! வாராவாரம் நிறுத்துப் பார்ப்பதால் பெற்றவர்களின் தூக்கம் கெடுவதைத் தவிர வேறு பலன் இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே எடைக்கருவி, சாப்பாட்டுக்கு முன், டயப்பரைக் கழற்றிவிட்டு.

உயரத்தில்தான் தவறு அதிகம். இரண்டு வயது வரை படுக்க வைத்து அளக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் தலையை நேராகப் பிடித்துத் தலைமாட்டுப் பலகையில் பொருத்த, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்திக் காலை நீட்டிப் பாதத்தில் பலகையை வைக்க வேண்டும். நாடாவை வளைத்துப் போட்டு அளந்தால் இரண்டு செ.மீ. வரை சுலபமாகப் பிசகும். இரண்டு வயதில் நிற்க வைத்து அளக்கத் தொடங்கும்போது 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும். குழந்தை சுருங்கிவிடவில்லை, அளக்கும் முறை மாறியதால் வரும் வித்தியாசம்.

வளர்ச்சி அட்டையில் இருக்கும் வளைகோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டவை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து போட்டவை. குழந்தை கீழ்க்கோட்டில் இருப்பதே குறை ஆகாது. தன் கோட்டை ஒட்டியே போகிறதா என்பதைப் பாருங்கள். இரண்டு கோடுகளைத் தாண்டிச் சரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

*

தானாக எடுத்துச் சாப்பிட விடும் வீடுகளுக்கு: திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும். மூச்சுக்குழாயில் மூடி போட்ட மாதிரி அடைக்கும். முழுப் பருப்பு, கொட்டை வகைகள் ஐந்து வயது வரை வேண்டாம்; அரைத்தோ பொடித்தோ கொடுங்கள். முன்பற்கள் கடிக்கும், அரைக்காது. அரைக்கிற கடைவாய்ப் பற்களில் முதல் சோடி 13–19 மாதத்திலும், இரண்டாவது 23–33 மாதத்திலும்தான் வரும்.

சத்தமாக இருமினால் இரும விடுங்கள். அழவோ இருமவோ சத்தமே வரவில்லை என்றால்தான் அடைப்பு. ஒரு வயதுக்கு மேல் என்றால் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தட்டு, பிறகு தொப்புளுக்குச் சற்று மேலே, உள்நோக்கியும் மேல்நோக்கியுமாக 5 அழுத்து, மாறி மாறி. கூட இருப்பவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். ஒரு வயதுக்குள் வயிற்றை அழுத்தக் கூடாது, மார்பைத்தான். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும்.

*

தூக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; தூக்கம் கலைந்த குழந்தை சாப்பிடாது. ஒன்று முதல் இரண்டு வயதில், பகல் தூக்கத்தையும் சேர்த்து 11–14 மணி நேரம். மூன்று வயதில் 10–13. பகலில் இரண்டு தூக்கம் ஒன்றாக மாறுவது 15–18 மாத வாக்கில். அந்த மூன்று நான்கு வாரம் படுத்தி எடுக்கும். ஒரேயடியாகக் காலைத் தூக்கத்தை நிறுத்தாமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் தள்ளிக்கொண்டே போய் மதியம் 12:30-க்குக் கொண்டு வரலாம். அதுவரை ராத்திரிப் படுக்கையை அரை மணி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். "நல்லாக் களைச்சா நல்லாத் தூங்கும்" என்பது இந்த வயதில் எடுபடாது. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை துள்ளும், அழும், நடுராத்திரியில் எழும்.

*

இனி "மாட்டேன்" விவகாரம். ஒன்றரை வயதுக்கு மேல் சாப்பாடு, குளியல், சட்டை எல்லாவற்றுக்கும் முதல் பதில் இதுதான். தனக்கென ஒரு விருப்பம் இருக்கிறது என்று குழந்தை கண்டுபிடித்திருக்கிறது. அதை விளக்கிச் சொல்லத்தான் வார்த்தை இல்லை. "குளிக்கலாமா?" என்று கேட்டால் "மாட்டேன்" கிடைப்பது நாமே கேட்டு வாங்குவது. "சிவப்பு மக்கா, நீல மக்கா?" என்று கேட்டால் குளியல் முடிவாகிவிடும், மக்கு மட்டும் பஞ்சாயத்தில் இருக்கும். இரண்டுக்கு மேல் காட்டாதீர்கள், குழம்பிவிடும். "ஓடாதே"யை விட "நட" சீக்கிரம் காதில் ஏறும்.

இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணாம்" என்று இரண்டு சொல் சேர்ந்து வர வேண்டும்; ஐம்பது சொல் அளவில் கையிருப்பு இருக்க வேண்டும். ஒரே பொருளுக்கு எப்போதும் "ங்கா" என்றால் அதுவும் ஒரு சொல்தான். இரண்டு மொழி புழங்கும் வீட்டில் இரண்டையும் கூட்டி எண்ணுங்கள். ர, ழ தாமதமாகத்தான் வரும். "பழம்" "பயம்" ஆவதற்குக் கவலை வேண்டாம். வந்த சொற்கள் மறைந்துபோனால் மட்டும், எந்த வயதானாலும், காத்திருக்காமல் காட்டுங்கள்.

அழுகையின் உச்சத்தில் மூச்சை நிறுத்தி நீலம் பாரித்து ஒரு சில நொடி துவளும் குழந்தைகள் உண்டு. பார்ப்பவர் உயிரே போய்விடும். குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, மூச்சு தானாகத் திரும்பும். பக்கவாட்டில் படுக்க வையுங்கள். உலுக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். முதல் முறை என்றால் மருத்துவர் பார்த்துவிடட்டும், ரத்தத்தில் இரும்பு அளவையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்புக் குறைவுள்ள குழந்தைகளுக்கு இது அடிக்கடி வரும். அரை லிட்டர் பால் கணக்கு இங்கேயும் வந்து நிற்கிறது.

*

மலச்சிக்கலிலும் அதே பால்தான் அடிக்கடி மாட்டுகிறது. கெட்டியாக வந்து ஒருமுறை வலித்தால் குழந்தை அடுத்த முறை அடக்கும். அடக்க அடக்க உள்ளே இருப்பது காய்ந்து பெரிதாகும், இன்னும் வலிக்கும். மூலையில் போய்க் காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவந்து நிற்பதைப் பார்த்து "முக்குறான்" என்பார்கள். பல நேரம் அது முக்கல் இல்லை, அடக்கல். நாள்பட்டால் கெட்டியின் ஓரமாகத் தண்ணீராகக் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

இது சரியாகும் வரை கழிப்பறைப் பழக்கத்தைத் தொடங்காதீர்கள். சரியான பிறகு அடையாளம் பார்க்கலாம்: இரண்டு மணி நேரம் டயப்பர் உலர்ந்திருக்கிறதா, ஈரமானதும் சொல்கிறதா, ஜட்டியைத் தானே இறக்குகிறதா. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் நடுவில் கூடிவரும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அதனால் உட்கார வைக்க நல்ல நேரம் சாப்பாடு முடிந்த பத்துப் பதினைந்து நிமிடத்தில். ஐந்து நிமிடம் போதும். பெரியவர் பீங்கானில் உட்கார வைத்தால் கால் அந்தரத்தில் தொங்கும், முக்கப் பிடிமானம் இருக்காது. முழங்கால் இடுப்பை விடக் கொஞ்சம் உயரும்படி காலுக்கடியில் ஒரு முக்காலி போடுங்கள். பகலில் பழகிய குழந்தை ராத்திரியும் உலர்ந்திருக்க மாதங்கள், சில நேரம் வருடங்கள்கூட ஆகும். அதைப் பழக்கித் தர முடியாது, உடல் முதிரும்போது தானாக வரும்.