டிஸ்க் இருக்கு, ஃபைல் மேனேஜரில் காணோம்: உங்களுக்கும் நடந்ததா?

காவேரிப்பட்டணம் கேமரா

ஆறு மாசம் ஆச்சு, இன்னும் மனசு ஆறவில்லை. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் மின்ட் லினக்ஸ் ஓடுகிறது. உள்ளே இரண்டாவது ஹார்டு டிஸ்க், 1 டிபி. வைகாசி முகூர்த்தம் மொத்தமும் அதில்தான். தினமும் நீமோவில் (மின்டின் ஃபைல் மேனேஜர்) கிளிக் செய்து திறக்கச் சோம்பல்பட்டு, எந்த டிஸ்க் எங்கே திறக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி சேர்த்து /எம்என்டி/கல்யாணம் என்ற இடத்தில் தானாக மவுண்ட் ஆகும்படி, அதாவது திறந்து தயாராக இருக்கும்படி, செய்தேன். மறுநாள் காலை இடது பக்கப் பட்டியலில் டிஸ்கே இல்லை.

அன்றைக்கென்று பார்த்து ஒரு பெண்ணின் அப்பா வீடியோ வாங்க வந்துவிட்டார், ஒரு கூடை மாம்பழத்தோடு. கேபிளைக் கழற்றி மாட்டினேன், காணோம். டிஸ்கையே வெளியே எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன் (சிரிக்காதீர்கள்). அது இல்லாமல் கம்ப்யூட்டரைப் போட்டால் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, எமர்ஜென்சி மோடு என்று கறுப்புத் திரையில் நின்றுவிட்டது. என் கையில் இருந்த டிஸ்கைக் காட்டி அவர் கேட்டார்: "தம்பி, பொண்ணு கல்யாணம் இதுக்குள்ளதான இருக்குது?"

"இருக்குதுங்க" என்றேன். குரலே எழும்பவில்லை.

சாயங்காலம் டிஸ்கைத் திரும்ப மாட்டி, டெர்மினலில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அடித்தால் ஜம்மென்று மவுண்ட் ஆகி உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. நீமோதான் காட்டவில்லை. இப்படி யாருக்காவது?

பென்னாகரத்தான்

நீமோவைக் குறை சொல்லாதீர்கள். என் இரண்டாவது டிஸ்க்கும் /எம்என்டி கீழேதான் இருக்கிறது, கேடிஇ டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜரான டால்ஃபினில் தெளிவாகத் தெரிகிறது. நீங்கள் வேறு எங்கோ கை வைத்திருப்பீர்கள்.

என் கதை உங்களுடையதற்கு நேர் எதிர். 2012, பவர்கட் காலம். அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் இரண்டும் இருக்குமே, அதுதான். பேட்டரி தீரும்போது விண்டோஸ் தானாக ஹைபர்னேட் ஆகிவிட்டது (திறந்திருந்ததை டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது). அடுத்து பாஸ் பக்கம் போனேன். விண்டோஸ் டிரைவ் பட்டியலில் பேரோடு தெரிகிறது. தொட்டால், "விண்டோஸ் ஹைபர்னேட்டில் இருக்கிறது, மவுண்ட் செய்ய மாட்டேன்" என்று ஒரு பெட்டி. கண்ணுக்கு எதிரே புராஜெக்ட், எடுக்க முடியவில்லை. பஸ்ஸுக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது. திரும்ப விண்டோஸுக்குப் போய் ஒழுங்காக ஷட்டவுன் செய்வதற்குள் பஸ் போய்விட்டது.

பார்ட்டிஷன் தலைப்பில் எழுதியிருக்கும் பேரையும் வகையையும் படிக்க மவுண்ட் செய்யவே தேவையில்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பேர் தெரிகிறதே, திறக்காதா என்று அன்றைக்கு நம்பிவிட்டேன்.

டிடிபி அக்கா, தர்மபுரி

உங்களுக்கெல்லாம் டிஸ்க் காணாமல் போச்சு. எனக்கு இரண்டாகத் தெரிந்ததே வினையாகிவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு வாடிக்கையாளர் பென்டிரைவ். இரண்டுக்கும் பேர் நியூ வால்யூம். பட்டியலில் ஒன்றின் கீழ் ஒன்று, அச்சு அசல் ஒரே மாதிரி. ஒருத்தர் "பழசையெல்லாம் அழிச்சிட்டுப் போட்டுக் குடுங்கக்கா" என்றார். அழித்தேன். அழித்தது மற்றவருடையதை. அதில் அவர் ஊர்க் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை, நன்கொடையாளர் பட்டியலோடு, 300 பேர்.

அட்ரஸ் பாரைப் பார்த்திருந்தால் ஒன்றுக்குக் கடைசியில் 1 என்று சேர்ந்திருக்கும். ஒரே பேரில் இரண்டு வந்தால் மவுண்ட் ஆகும் ஃபோல்டர் பேரில் எண் சேர்கிறது, பக்கப் பட்டியலில் பேர் மட்டும்தான் வருகிறது. அந்த 300 பேரையும் ராத்திரி உட்கார்ந்து நானே திரும்ப அடித்தேன். அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஓசூர் நைட் ஷிப்ட்

என் அனுபவம் ஒரு வரி: எக்ஸ்பி காலத்தில் கம்பெனி சர்வர் ஃபோல்டரை எஃப் டிரைவாக மேப் செய்திருந்தார்கள், செருகிய பென்டிரைவும் எஃப் எழுத்தையே பிடித்தது, மை கம்ப்யூட்டரில் பென்டிரைவ் தெரியவே இல்லை, டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் எழுத்தை மாற்றியதும் வந்தது.

கேமரா அண்ணாவுக்கு. நீங்களும் பென்னாகரத்தாரும் சொல்வது இரண்டுமே சரி. நீமோ, நாட்டிலஸ், துனார் ஃபைல் மேனேஜர்கள் எல்லாம் பின்னால் ஓடும் ஜிவிஎஃப்எஸ் என்ற மென்பொருள் சொல்வதைக் காட்டுகிறவை. அது /மீடியா, /ரன்/மீடியா, உங்கள் ஹோம் ஃபோல்டர், இவற்றின் கீழ் மவுண்ட் ஆனதைத்தான் பயனருக்குரியது என்று எடுத்துக்கொள்ளும். /எம்என்டி கீழ் இருந்தால் சிஸ்டம் சமாச்சாரம் என்று மறைத்துவிடும். டால்ஃபின் கேட்பது சாலிட் என்ற வேறு ஆளை. அவருக்கு அந்த வழக்கம் இல்லை.

எஃப்எஸ்டேப் வரியில் ஆப்ஷன்கள் இருக்கும் இடத்தில் கமா போட்டு எக்ஸ்-ஜிவிஎஃப்எஸ்-ஷோ சேருங்கள், அல்லது /மீடியா கீழே மாற்றுங்கள். எக்ஸ்-ஜிவிஎஃப்எஸ்-நேம் என்று கொடுத்தால் பட்டியலில் வரும் பேரையும் நீங்களே வைக்கலாம். டிஸ்க் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டரை நிற்காமல் போகச் சொல்லும் நோஃபெயில் என்பதையும் கட்டாயம் சேருங்கள். அது இல்லாததால்தான் 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போயிருக்கிறது. எஸ்டிபி1 என்று லினக்ஸ் வைக்கும் பேரையெல்லாம் எழுதாமல் யுயுஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) போடுங்கள், எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அதைப் பொறுத்து எஸ்டிபி எஸ்டிசி ஆகிவிடும். டிடிபி அக்கா, வாடிக்கையாளர் பென்டிரைவை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பிடுங்கும் முன் எஜெக்ட் கொடுங்கள், காப்பி முடிந்தது என்று காட்டினாலும் எழுத வேண்டியது கொஞ்சம் மெமரியிலேயே நிற்கும். அப்புறம் கல்யாண வீடியோவை ஒரே டிஸ்க்கில் வைப்பது, மன்னிக்கணும் அண்ணா, தப்பு. இரண்டு காப்பி வேண்டும், ஒன்று வீட்டில். டிஸ்கை ஆட்டிப் பார்ப்பதும் தப்பு. மேலும்

டிடிபி அக்கா, தர்மபுரி

தம்பி, ஷிப்டுக்கு நேரமாகலையா?

பென்னாகரத்தான்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "வேறு ஆள்" என்று விளக்கியதற்குப் பதில் "டால்ஃபின் போடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம்.

காவேரிப்பட்டணம் கேமரா

ஷோ, நோஃபெயில் இரண்டும் சேர்த்தேன். நீமோவில் டிஸ்க் வந்துவிட்டது. நன்றி ஓசூர் தம்பி. இரண்டாவது காப்பிக்கு டிஸ்க் விலை கேட்டிருக்கிறேன், போதுமா?

பென்னாகரத்தார் சொன்னதற்காக டால்ஃபினும் போட்டுப் பார்த்தேன். நீமோ 1.0 டிபி என்று காட்டும் அதே டிஸ்கை அது 931.5 கிபிபைட் (GiB) என்கிறது. ஒன்று ஆயிரத்தால் வகுக்கிறது, இன்னொன்று 1024-ஆல், அது எனக்குத் தெரியும். ஆனால் டால்ஃபினை நான் நீக்கிவிடுகிறேன். ஸ்கிரீனைப் பார்த்தபடி எதிரே உட்காரும் அப்பாக்கள் யாராவது, "மீதி எங்க தம்பி?" என்று கேட்டால் அடுத்த அரை மணி நேரம் போய்விடும்.