நீச்சல் போட்டியும் படிப்பும்: வழி சொல்லுங்களேன்

என் மகளுக்கு 12 வயது. கணக்கில் வகுப்பைத் தாண்டி எங்கேயோ போய்விட்டாள். நீச்சலிலும் போட்டி அணியில் இருக்கிறாள். விடியற்காலைப் பயிற்சி முடிந்து ஈரத் தலையோடு வகுப்பில் போய் உட்கார்கிறாள். தெரிந்த கணக்கையே பக்கம் பக்கமாக எழுதும் வீட்டுப்பாடம்தான் அவள் நேரத்தைத் தின்கிறது. புதிதாக ஒரு கடினமான கணக்கு கிடைத்தால் களைப்பெல்லாம் பறந்துவிடும்.

வாரப் பயிற்சி மணிக்கணக்கு பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது, தூக்கம் குறைந்தது 9 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். எங்கள் வீட்டில் இரண்டுமே நடக்கவில்லை. நீச்சல், கணக்கு இரண்டில் ஒன்றை விடச் சொல்ல மனசு வரவில்லை.

வீட்டுப்பாடத்தைக் குறைக்கச் சொல்லிப் பள்ளியில் பேசியவர்கள் உண்டா? எப்படிக் கேட்டீர்கள்? அப்புறம், தேர்வும் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தால் முதலில் ஆசிரியரிடம் பேசுவதா, பயிற்சியாளரிடமா?