பகல்–இரவு மின்கட்டணம்: எங்க வீட்டுக்கு ஒத்துவருமா?

வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்க வீடு. எந்த நேரத்துல எவ்வளவு கரண்ட் எரிஞ்சுதுன்னு பதியுற ஸ்மார்ட் மீட்டர் வந்தா நேரத்துக்கு ஒரு கட்டணம் வருமோன்னு அப்பாவுக்குக் கவலை.

2023-ல் மத்திய அரசு திருத்திய விதிப்படி வெயில் நேரத்துல வழக்கமான கட்டணத்தை விட குறைஞ்சது 20 சதவீதம் மலிவு. எல்லாரும் அதிகமா கரண்ட் எரிக்கிற உச்ச நேரத்துல வீடுகளுக்குக் குறைஞ்சது 10 சதவீதம் கூடுதல். இந்தக் கணக்குல, உச்ச நேரத்துல 2 யூனிட் எரிஞ்சா பகல்ல 1 யூனிட் எரிஞ்சாலே கூடுதலும் மலிவும் சரிக்குச் சரி. மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாத்தையும் பகலுக்கு மாத்திடலாம். அம்மாவுக்குப் புழுக்கம் தாங்காது, ராத்திரி ஏசியில மட்டும் கை வைக்க மாட்டேன்.

ஒரு வாரமா காலை 9, மாலை 5, இரவு 10 மணிக்கு மீட்டரைக் குறிச்சு வைக்கிறேன். இது போதுமா, சித்திரை வெயில்லயும் எடுக்கணுமா? ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசத்தை இதுல எப்படிக் கழிக்கிறது? வெளிமாநிலத்துல இந்தக் கட்டணம் கட்டுறவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.