லைப்போ பேட்டரியை ஸ்டோரேஜ் அளவுக்கு இறக்க பல்பு போதுமா?

வணக்கம் நண்பர்களே. சனிக்கிழமை ராத்திரி என் ரிமோட் விமானத்தின் மூன்று 3எஸ் (மூன்று செல் தொடராக இணைத்தது) 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளையும் முழுசாக சார்ஜ் போட்டு வைத்தேன். ஞாயிறு விடிந்ததும் கொட்டுகிறது மழை. விமானம் பரணில், பேட்டரிகள் 12.6 வோல்ட்டில். இனி இரண்டு வாரம் ஊரிலேயே இருக்க மாட்டேன்.

பல நாள் சும்மா வைப்பதானால் ஸ்டோரேஜ் அளவுக்கு, அதாவது செல்லுக்கு 3.8 வோல்ட், மொத்தம் 11.4 அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும் என்பது தெரியும். போன வருஷம் அப்படியே அலமாரியில் போட்டு மறந்த ஒன்று தலையணை மாதிரி உப்பிவிட்டது. (அது இன்னும் மொட்டைமாடியில், மணல் வாளிக்குள்.)

சார்ஜரில் ஸ்டோரேஜ் மோடு உண்டு. ஆனால் 5 வாட்டுக்கு மேல் இறக்காது. ஒரு பேட்டரிக்கே இரண்டரை மணி நேரம் தாண்டுகிறது, அத்தனை நேரமும் பக்கத்தில் காவல் இருக்க வேண்டும்.

பழைய கார் ஹெட்லைட் பல்பு ஒன்று கையில் இருக்கிறது, 12 வோல்ட் 55 வாட். நாலரை ஆம்பியர் இழுத்தால் கால் மணி நேரத்தில் வேலை முடியும். சிமெண்ட் தரையில் வைத்து, பேலன்ஸ் வயரில் (ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் தனியே அளக்க உதவும் சின்ன வயர்) வோல்ட் இறங்கினால் கத்தும் அலாரம் மாட்டிச் செய்யலாம் என்று யோசனை. பயம் ஒன்றுதான்: பல்பு தானாக அணையாது. போன் வந்து நான் நகர்ந்தால் பேட்டரி காலி.

அப்புறம், லோடில், அதாவது பல்பு எரியும்போது, வோல்ட் குறைத்துக் காட்டும், கழற்றினால் கொஞ்சம் ஏறும். அப்படியானால் அலாரத்தை 3.8-லேயே வைப்பதா, 3.7-க்கு இறக்குவதா? குறிப்பிட்ட வோல்ட்டில் தானே துண்டிக்கும் சின்ன போர்டு யாராவது பயன்படுத்துகிறீர்களா?