ராத்திரியில் சர்க்கரை இறங்கும் பயம்: எதை முதலில் பார்ப்பது?

சேலத்துக்காரி:
அம்மாவுக்கு வயது 62. 30/70 இன்சுலின் காலை 22, இரவு 14 யூனிட், கூடவே வோக்லிபோஸ் மாத்திரை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.2, "கன்ட்ரோல் நல்லா இருக்கு" என்கிறார் டாக்டர். ஆனால் மாதம் மூன்று தடவையாவது நடுராத்திரி வியர்த்துக் கொட்டி 55, 58 காட்டுகிறது. அந்தப் பயத்தில் படுக்கும்போது நாலு பிஸ்கட், காலையில் 190. கல்யாணம், பஸ் பயணம் எல்லாம் நின்றுபோச்சு.

ஊசிமுனை:
டோஸைத் தொடுவதற்கு முன்னால் வயிற்றைத் தடவிப் பாருங்கள் சகோதரி. மெத்தென்றோ கெட்டியாகவோ வீக்கம் இருந்தால் அது ஒரே இடத்தில் குத்திக் குத்தி வந்த கொழுப்புக்கட்டி. அங்கே வலிக்காது, அதனாலேயே கை அங்கேதான் போகும். அதில் போட்ட மருந்து ஒரு நாள் சரியாக ஏறாது, ஒரு நாள் திடீரென ஏறும். இடத்தை மாற்றுங்கள், ஒவ்வொரு குத்தும் முந்தையதற்கு ஒரு விரல் தள்ளி. ஒரு எச்சரிக்கை: நல்ல இடத்தில் அதே 14 முழுசாக வேலை செய்து சர்க்கரையை இறக்கிவிடும். டாக்டரைக் கேட்டு, வேண்டுமானால் டோஸைக் குறைத்துக்கொண்டு மாறுங்கள்.

30/70 கலங்கல் மருந்து, அதைக் குலுக்காமல் உள்ளங்கையில் பத்துத் தடவை உருட்டி, பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள். கலக்காவிட்டால் அளவு தினமும் மாறும்.

மருந்தாளர்_மதுரை:
30/70-இல் எழுபது பங்கு மெதுவாக வேலை செய்யும் மருந்து. போட்ட நாலு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். இரவு 8 மணிக்குப் போட்டால் 12 முதல் விடியும் வரை அதன் ராஜ்யம்தான். மூன்று ராத்திரி 3 மணிக்குச் சோதித்து எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாள் இருந்தால் டோஸைக் குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா என்று டாக்டர் சொல்லிவிடுவார்.

வோக்லிபோஸ் எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கும்போது சீனியும் பிஸ்கட்டும் கொடுத்தால் தாமதமாகத்தான் ஏறும், அவற்றை உடைக்கும் நொதியையே அந்த மாத்திரை தடுக்கிறது. குளுக்கோஸ் பவுடர் 15 கிராம் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி சோதனை, 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு 15. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிதான்.

பந்தி_வரிசை:
55-ம் 190-ம் சேர்ந்தால் சராசரி அழகாகத்தான் வரும், 7.2-ஐ நம்பி என்ன பயன்? அடிக்கடி இறங்குகிறவருக்கு இலக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம், டாக்டரிடம் கேளுங்கள். கல்யாண வீட்டில் ஊசியைப் போட்டுவிட்டுப் பந்திக்குக் காத்திருப்பதுதான் ஆபத்து. இடம் பிடித்து, இலை போட்ட பிறகு போடட்டும். சாப்பாட்டுக்குப் பின் சற்று ஏறினாலும் மயங்கி விழுவதைவிட மேல்.

சேலத்துக்காரி:
கட்டி இருக்கிறது, இடது பக்கம். இன்னொன்று: சிரிஞ்சு மூடி சில தடவை சிவப்பு, சில தடவை ஆரஞ்சு. மருந்துப் புட்டி 40 என்று போட்டது.

ஊசிமுனை:
அங்கேதான் இருக்கிறது வினை! 40 புட்டி என்றால் ஒரு மில்லியில் 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடிதான். ஆரஞ்சு, மில்லிக்கு 100 யூனிட் உள்ள புட்டிக்கானது, அதில் 14 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5.6 யூனிட். ஆரஞ்சு வந்த நாட்களில் ஏறியிருக்கும், சிவப்புக்குத் திரும்பியதும் இறங்கியிருக்கும். ஆரஞ்சை ஒதுக்கிவிட்டு, எந்த வாரம் எது என்று எழுதி இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். 14 என்று முடிவானதே எந்தச் சிரிஞ்சை வைத்து என்று அவர் பார்க்க வேண்டும்.