பிளஸ் டூ முடிந்தால் பிள்ளைக்கான ஜீவனாம்சம் நிற்குமா?

பாரிமுனை: ரிசல்ட் வந்த கையோடு "பள்ளிக்கூடம் முடிஞ்சது, இனி கட்ட வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சென்னை முழுக்கச் சுற்றுகிறது. தப்பு. பள்ளிப்படிப்பு முடியும் வரை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 18-வது பிறந்த நாள்தான் கணக்கு. 2008 செப்டம்பர் 12-இல் பிறந்தவனுக்கு 2026 மார்ச்சில் பரீட்சை எழுதும்போது பதினேழரை வயதுதான். மாதம் 8,000 என்றால் அந்தச் செப்டம்பருக்கு 11 நாள் பங்கு, சுமார் 2,933 ரூபாய். அதோடு சரி. காலேஜ் ஃபீஸ் எல்லாம் மனமிருந்தால் கொடுப்பது.

நெய்தல்: கணக்கு சரி சார், கடைசி வரிதான் இடிக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் "மைனர் குழந்தை" என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 144-வது பிரிவில், குழந்தைகள் பற்றிய முதல் உட்பிரிவில் "மைனர்" என்ற சொல்லே இல்லை. தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள முடியாத பிள்ளை, அவ்வளவுதான். செமஸ்டர் ஃபீஸ் கட்ட வழியில்லாத பையன் அதில் வரமாட்டானா?

பாரிமுனை: வரமாட்டான். அடுத்த உட்பிரிவைப் படியுங்கள். மேஜரான பிள்ளைக்கு உடல் அல்லது மனக் குறைபாடோ காயமோ இருந்து, அதனால் பிழைக்க முடியாவிட்டால்தான் உண்டு. முதல் உட்பிரிவு எல்லா வயதுக்கும் பொருந்தும் என்றால் இந்த வரியை எதற்கு எழுதினார்கள்?

நெய்தல்: வாதிட இடமிருக்கிறது என்றேன், ஜெயித்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் மகனை மட்டும் வைத்தே பேசுகிறீர்கள். மகள் என்றால் கதை வேறு. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956, பிரிவு 20(3): திருமணமாகாத மகளுக்குச் சொந்த வருமானமோ சொத்தோ போதாவிட்டால் 18 தாண்டியும் உரிமை உண்டு. 2020-இல் அபிலாஷா எதிர் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 125-இன் கீழ் மேஜர் மகளுக்குக் கிடையாது, ஆனால் 20(3)-இன் கீழ் அவள் தனியாகக் கேட்கலாம். பழைய உத்தரவு தானாக நீளாது, அவள் பெயரில் புது மனு வேண்டும். இங்கே பலர் கோட்டை விடுகிறார்கள். போனஃபைட் சர்டிஃபிகேட், ஃபீஸ் ரசீது, ஹாஸ்டல் பில், அவளுடைய வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் சேர்த்து உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும்.

பாரிமுனை: அந்தச் சட்டம் இந்துக்களுக்கு, அதோடு பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டும். அதையும் சொல்லுங்கள் மேடம்.

நெய்தல்: சொல்கிறேன். முஸ்லிம் மகளுக்குத் திருமணம் வரை உண்டு என்று 1997-லேயே நூர் சபா காதூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கணக்குப்புலி: இரண்டு பேருமே உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லையே! "மனைவிக்கு 10,000, மகனுக்கு 8,000" என்று பிரித்திருந்தால் பிறந்த நாளில் 8,000 நிற்கும், மனைவியின் 10,000 ஓடிக்கொண்டே இருக்கும். "இருவருக்கும் சேர்த்து 18,000" என்றிருந்தால் நீங்களாகப் பாதியைக் கழிக்க முடியாது. பி.என்.எஸ்.எஸ். 146-வது பிரிவின் கீழ் தொகையை மாற்ற மனு போட வேண்டும். அதுவரை குறைத்துக் கட்டுவது எல்லாம் நிலுவை. ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு, உள்ளே போய் வந்தாலும் கடன் தீராது. வாங்குபவர்களுக்கும் ஒரு கெடு: தொகை பாக்கியான தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போடாவிட்டால் வாரண்ட் கிடைக்காது. பையன் மேஜர் ஆகட்டும், மொத்தமாக வசூலிப்போம் என்று காத்திருப்பது முட்டாள்தனம். இன்னொன்று, ஸ்கூல் ஃபீஸை நேரடியாகக் கட்டிவிட்டு ஜீவனாம்சத்தில் கழிப்பதும் ஆபத்து, உத்தரவில் அதற்கு அனுமதி இல்லாவிட்டால்.

பாரிமுனை: இதை ஏற்கிறேன். 146 மனுவைப் பிறந்த நாளுக்கு மூன்று மாதம் முன்பே, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகலோடு போடுவது நல்லது. பிறந்த தேதிக்கு அதைவிட எளிய சான்று இல்லை.

நெய்தல்: அப்போ மகனின் பி.இ.க்கு யார் கட்டுவது? 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மகன் பட்டம் முடிக்கும் வரை அல்லது சம்பாதிக்கும் வரை தாய்க்கு மாதம் 15,000 தரச் சொன்னது. பிள்ளையின் சுமை தாயின் தலையில் விழுகிறது என்பதுதான் காரணம்.

பாரிமுனை: டெல்லி தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. தாயும் சம்பாதித்தால் படிப்புச் செலவை வருமான விகிதத்தில் பிரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கிலேயே இருக்கிறது.

கணக்குப்புலி: பரஸ்பர சம்மத விவாகரத்துக்குப் போகிறவர்கள் இந்தச் சண்டையை அப்போதே முடித்துக்கொள்ளலாம். "மேஜர் ஆகும் வரை" என்று விட்டுவிடாமல், "முதல் பட்டப்படிப்பு முடியும் வரை, அதிகபட்சம் 22 வயது, ஃபீஸ் நேரடியாகக் கல்லூரிக் கணக்குக்கு" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, அது தீர்ப்பிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் நிறைவேற்று மனு போடும்போதுதான் தெரியும்.